அரட்டை சர்வருக்கு எல்டாப்: கணக்குகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த அனுபவம்

சின்ன அலுவலகம் ஒன்றுக்கு என்னென்ன மென்பொருள் தேவையோ அதையெல்லாம் சொந்தமாக அமைத்துப் பழகுவது என் பொழுதுபோக்கு. ஒரு பழைய கணினியில் செய்தி அனுப்ப ஈஜாபர்டி என்ற அரட்டை சர்வர், குறிப்புகளுக்கு ஒரு விக்கி, கோப்புகளுக்கு ஒரு சர்வர் என்று இரண்டு வருடமாக ஓடுகிறது. நண்பர்கள் நாலைந்து பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விலகிக்கொண்டபோது அரட்டையிலும் விக்கியிலும் அவர் கணக்கை நீக்கினேன். கோப்பு சர்வரில் நீக்க மறந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடப் போனபோது அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. தப்பாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் மனசு உறுத்தியது. ஒருவர் விலகினால் ஒரே இடத்தில் ஒரே தடவை கதவை மூடினால் போதும், அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அதற்கு எல்டாப் எடுத்துக்கொண்டேன்: கணக்குகளை ஒரே டைரக்டரியில், அதாவது ஒரு பொதுப் பட்டியலில் வைத்து, மற்ற மென்பொருள்கள் அதனிடம் கேட்டுச் சரிபார்க்கும் முறை. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரி முறையைச் சாதாரணக் கணினியிலிருந்தும் எட்டுவதற்காக உருவாக்கியது இது. இன்றைக்கும் என்னிடம் இருக்கும் மூன்று மென்பொருளுக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி இதுதான். உலாவி வழியாக ஒரே உள்நுழைவு தரும் கீக்ளோக் போன்றவற்றையும் யோசித்துப் பார்த்தேன். அரட்டைச் செயலிகள் பயனர்பெயரும் கடவுச்சொல்லும்தான் கேட்கின்றன என்பதால் அதைத் தள்ளி வைத்தேன்.

டெபியன் 12 போட்ட தனி மெய்நிகர் கணினியில் ஓப்பன்எல்டாப் என்ற எல்டாப் சர்வரை நிறுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்டாப் பதிவுகளை ஒரு மரம் போலக் கிளை கிளையாக வைக்கும். மூன்று மாலை நேரம் போனது அந்தக் கிளைகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான். முதலில் துறைவாரியாகக் கிளை போட்டேன்: கணக்குப் பிரிவுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் ஒரு சோதனைக் கணக்கை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தேன். எல்டாப்பில் ஒருவரின் முழு முகவரியே அவர் எந்தக் கிளையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கிளை மாறியதும் முகவரி மாறிவிட்டது, ஆனால் குழுக்களில் பழைய முகவரியே எழுதியிருந்தது. ரெஃபின்ட் என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்தால் அதுவே தேடித் திருத்தும். இருந்தாலும் அடிக்கடி மாறக்கூடிய ஒன்றை முகவரியில் வைப்பதே தப்பு என்று தோன்றியது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஆட்களுக்கு ஒரே கிளை, குழுக்களுக்கு ஒரு கிளை, மென்பொருள்களின் சேவைக் கணக்குகளுக்கு ஒரு கிளை என்று போட்டேன். துறை என்பது இனி ஒரு குழு, அவ்வளவுதான்.

சோதனைக்கு ஐந்து கணக்கு: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. பயனர்பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, திரையில் காட்டும் பெயரைத் தமிழிலேயே கொடுத்தேன். குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கக் கூடாது என்கிறது அதன் விதி. ஒற்றைச் சொல் பெயர்களுக்கு அதே பெயரை இரண்டு இடத்திலும் போடுவதைத் தவிர வழியில்லை. தேடிப் பார்த்தபோது தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள் வரிசையாக வந்தன, முன்னால் ஒரு முக்காற்புள்ளிக்கு (:) பதில் இரண்டு. ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். கெடவில்லை. ஆங்கில எழுத்தில் அடங்காத எதையும் எல்டிஃப் என்ற எல்டாப்பின் உரை வடிவத்தில் பேஸ்64-ஆக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும் கொண்ட வடிவமாக மாற்றித்தான் காட்டும், அந்த இரட்டை முக்காற்புள்ளிதான் அதற்கு அடையாளம். ஐந்து பெயருமே '4கே6' என்று தொடங்கியதைக் கவனித்தேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளின் முதல் பைட்டுகள் ஒன்றாக இருப்பதால் வருவது அது. இப்போது தேடல் முடிவில் '4கே6' கண்ணில் பட்டாலே அங்கே ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

அடுத்தது அனுமதிகள். டெபியனில் வரும் ஆரம்ப அமைப்பில் கடவுச்சொல்லைத் தவிர மற்றதை யார் வேண்டுமானாலும், உள்நுழையாமலே படிக்கலாம். ஆட்களின் பட்டியல் அப்படித் திறந்து கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஈஜாபர்டிக்கு ஒரு சேவைக் கணக்கு கொடுத்து, ஆட்கள் கிளையை மட்டும் படிக்கலாம் என்று விதி எழுதினேன். உடனே 'அப்படி ஒரு பொருளே இல்லை' என்று 32-ஆம் எண் பிழை வந்தது. நிர்வாகக் கணக்கில் போய்ப் பார்த்தால் கிளை அங்கேயே இருக்கிறது. எழுத்துப்பிழையா, இடைவெளியா என்று ஒரு மாலை முழுக்க அந்த முகவரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சர்வர் தன் வேலைகளை எழுதிவைக்கும் லாகின் அளவை 128-க்கு மாற்றினேன். அனுமதிச் சோதனைகளை ஒவ்வொன்றாக எழுதும் அளவு அது. நான் அனுமதி கொடுத்திருந்தது கிளைக்குக் கீழே உள்ள பதிவுகளுக்கு மட்டும். கிளைக்கே கொடுக்கவில்லை. தேடலோ கிளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அனுமதி இல்லாத ஒன்றை 'இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன்' என்று ஓப்பன்எல்டாப் சொல்வதில்லை, இல்லை என்றே சொல்லிவிடும். இருப்பதைச் சொல்வதுகூடத் தகவல் கசிவுதான் என்பதால் அது சரியான நடத்தைதான். விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், வேலை செய்தது. 32 வந்தால் முகவரியைச் சந்தேகிப்பதற்கு முன் அனுமதியைப் பாருங்கள்.

மறைகுறியாக்கத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இதுவரை ஈஜாபர்டி தன் தரவுத்தளத்தில் கடவுச்சொல்லை ஸ்க்ராம் முறையில் வைத்திருந்தது. அந்த முறையில் கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகாது. எல்டாப்புக்கு மாறியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. செயலி கடவுச்சொல்லை ஈஜாபர்டியிடம் உள்ளபடியே கொடுக்க வேண்டும், ஈஜாபர்டி அதை எல்டாப்பிடம் கொடுத்துச் சரிதானா என்று கேட்க வேண்டும். ஆக இரண்டு பாதையும் பூட்டியிருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் ஈஜாபர்டி பதிப்பின் எல்டாப் பகுதிக்கு, சாதாரணமாகத் தொடங்கிய தொடர்பை நடுவில் மறைகுறியாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரியாது, எனவே சாதாரண 389-ஆம் போர்ட் உதவாது, தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கும் 636 தான். அங்கே சான்றிதழைச் சோதிக்கும் அமைப்பு தானாக அணைந்தே வருகிறது. அதைக் கடுமையான நிலைக்கு மாற்றினேன். மாற்றாவிட்டால் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காமலே கடவுச்சொல் போகும்.

ஓப்பன்எல்டாப்பில் சான்றிதழைச் சேர்க்கும்போது 80-ஆம் எண் பிழை. 'மற்றவை' என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் தராது. காரணம் எளிமையானது: சான்றிதழின் சாவிக் கோப்பை ரூட் என்ற நிர்வாகப் பயனர் மட்டும் படிக்கும்படி வைத்திருந்தேன், சர்வர் ஓடுவதோ ஓப்பன்எல்டாப் என்ற வேறு பயனராக. அனுமதியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

யார் அரட்டைக்குள் வரலாம் என்பதை ஒரு குழுவை வைத்துத் தீர்மானித்தேன். அந்தக் குழுவில் இருப்பவர்களை மட்டும் ஈஜாபர்டி தேடும்படி ஃபில்டர் எழுதினேன். ஒருவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதை அவர் பதிவிலேயே காட்டுவதற்கு மெம்பர்ஆஃப் என்ற கூடுதல் பகுதி தேவை. அதைச் சேர்த்தும் யாராலும் உள்ளே வர முடியவில்லை. இயக்கிய பிறகு நடக்கும் மாற்றங்களைத்தான் அது கவனிக்கும், ஏற்கெனவே இருந்த குழுக்களைத் திரும்பிப் பார்க்காது. சரி, எல்லாரையும் எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, குழுவில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. குழுவையே அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினேன். சாதாரணத் தேடலில் மெம்பர்ஆஃப் காட்டாது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த இரவு குறிஞ்சியும் முல்லையும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். குழு உறுப்பினர்களைத் தொடர்புப் பட்டியலில் தானாகச் சேர்க்கும் பகுதியையும் இயக்கியிருந்ததால், யாரும் யாரையும் சேர்க்காமலே ஐந்து பெயரும் பட்டியலில் தமிழில் வந்து நின்றன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் கைபேசிச் செயலி மட்டும் பழைய கணக்கில் நுழைய மறுத்தது. முன்பு ஸ்க்ராமில் நுழைந்ததை அது நினைவில் வைத்திருந்தது, திடீரென்று பலவீனமான முறை வந்ததும் யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று நின்றுவிட்டது. அப்படி நிற்பதுதான் சரி. செயலியில் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்ததும் நுழைந்தது.

காப்புநகல் எடுத்து, வேறு ஒரு மெய்நிகர் கணினியில் மீட்டும் பார்த்தேன். அமைப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று ஓப்பன்எல்டாப்பின் காப்புநகல் கட்டளையான ஸ்லாப்கேட்டை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். மீட்டபின் கோப்புகளின் உரிமையாளரை மாற்றாமல் சர்வர் எழுந்திருக்கவில்லை.

எதற்காக இத்தனையும் செய்தேனோ, அந்தச் சோதனைக்கு வந்தேன். விலகுபவராகப் பாலையை வைத்துக்கொண்டேன், பிரிவுக்கு உரிய திணை அதுதானே. கணினியில் ஒரு செயலி, கைபேசியில் ஒரு செயலி, இரண்டிலும் பாலை உள்ளே இருக்கும்போது அரட்டைக் குழுவிலிருந்து நீக்கினேன். மூன்றாவது செயலியில் புதிதாக நுழைய முயன்றதும் மறுத்தது. நல்லது. கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், அதுவும் திரும்பி வர முடியவில்லை. ஆனால் கணினியில் திறந்திருந்த செயலி அப்படியே பச்சைப் புள்ளியோடு நின்றது. பொதுக் குழுவில் முல்லையாக ஒரு வரி எழுதினேன், பாலையின் திரையில் வந்தது. அரை மணி நேரம் காத்திருந்தேன். இன்னொரு வரி எழுதினேன், அதுவும் வந்தது.

நுழையும்போது மட்டும்தான் ஈஜாபர்டி எல்டாப்பிடம் கேட்கிறது. நுழைந்தபின் தொடர்பு அறுகிற வரை மறுபடி கேட்பதில்லை. கணினியை அணைக்காமல் வைத்திருப்பவர் விலகிய பிறகும் நாள்கணக்கில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கலாம். நான் இதைச் செய்து பார்க்காமல் விட்டிருந்தால், ஒரே இடத்தில் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் ஆளை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுக்கும், அப்புறம் ஈஜாபர்டியின் கட்டளைவழி அவருடைய திறந்த தொடர்புகளை அறுக்கும். இந்த வரிசை முக்கியம். முதலில் அறுத்தால், குழுவிலிருந்து எடுப்பதற்குள் செயலி தானாகத் திரும்பவும் நுழைந்துவிடும். கணக்கை ஸ்கிரிப்ட் அழிப்பதில்லை. எல்டாப்பில் அழித்தாலும், அந்தப் பயனர்பெயரில் ஈஜாபர்டி சேர்த்து வைத்த பழைய உரையாடல்களும் தொடர்புகளும் ஈஜாபர்டியிலேயே இருக்கும். பிறகு அதே பயனர்பெயரில் வேறொருவர் வந்தால் அவை அவர் கைக்குப் போய்விடும். ஆகவே பயனர்பெயரை விட்டு வைக்கிறேன், வேறு யாருக்கும் அது கிடைக்காது.

சோதனையை இரண்டாவது தடவை இந்த ஸ்கிரிப்டை வைத்துச் செய்தபோது பச்சைப் புள்ளி இரண்டே நொடியில் போனது. செயலி ஒரு தடவை தானாக முயன்று, கடவுச்சொல் தவறு என்று சொல்லி நின்றது.

எல்டாப் சர்வர் படுத்தால் யாரும் புதிதாக நுழைய முடியாது என்பது இப்போதைய குறை. இன்னொரு சர்வருக்குத் தரவைத் தானாக நகலெடுக்கும்படி அமைத்து, அதை ஈஜாபர்டியில் மாற்றுச் சர்வராகக் கொடுப்பது அடுத்த வேலை. அதற்கு முன் விக்கியிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். அங்கே உள்நுழைந்தவரை நினைவில் வைப்பது குக்கீ, குழுவிலிருந்து எடுத்த பிறகு அது எத்தனை நாள் செல்லுகிறது என்று பார்க்க வேண்டும். பாலையை மறுபடி குழுவில் சேர்த்து, விக்கியில் உள்நுழைந்து, அந்த உலாவியை மூடாமல் வைத்திருக்கிறேன்.