அயல்மண்ணில் வீழ்ந்தவர்களுக்கான அஞ்சலியில் யாருக்காக நிற்கிறோம்

போரில் மாண்ட ஒருவரின் உடல் சொந்த ஊருக்குத் திரும்பாதபோது, அவருக்குச் செலுத்தப்படும் அஞ்சலியில் அவருடைய உறவினர் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தில் நிற்பவர்கள் அவரை அறியாத அந்நியர்களே. அயல்நாடுகளில் நடைபெறும் இத்தகைய நிகழ்வுகளில், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் கலந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

முதல் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசின் படைகளில் மாண்டவர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுசெல்ல 1915-இல் தடை விதிக்கப்பட்டது. செல்வமுள்ள குடும்பங்கள் மட்டும் தங்கள் பிள்ளைகளை மீட்டுச் செல்வது நியாயமாகாது என்ற எண்ணம் அதற்குத் துணைநின்றது. 1917-இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல் என்பதைத் தன் கொள்கையாக்கியது. அக்கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும், கப்பற்பயணத்துக்குப் பணமில்லாத எத்தனையோ தாய்மார்கள் மகனின் கல்லை ஒருமுறைகூடப் பாராமலே இறந்துபோனார்கள் என்பதையும் அதனுடன் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், முதல் உலகப் போரின் நினைவு வளைவான மெனின் வாயிலில் ஒவ்வொரு நாள் மாலையும் எட்டு மணிக்குப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. ஊரின் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள் மரபாக வகித்துவரும் பொறுப்பின்படி, பியூகிள் எனும் இராணுவ ஊதுகொம்பை வாசிப்போர் சாலையின் நடுவில் வந்து நின்று, மாண்ட வீரர்களுக்கான 'லாஸ்ட் போஸ்ட்' இசையை ஊதுகிறார்கள். 1928 முதல் நடைபெற்றுவரும் இந்நிகழ்வு, இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றியிருந்த காலத்தில் மட்டும் அங்கு நின்றுபோய், இங்கிலாந்தின் புரூக்வுட் இராணுவக் கல்லறையில் தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படையினர் ஈப்பரை விடுவித்தபோது, நகரின் சில பகுதிகளில் சண்டை ஓயுமுன்பே, அன்று மாலையே பியூகிள் மீண்டும் ஒலித்தது. அந்த ஊர் மக்களிடம் எனக்கு ஏற்பட்ட மரியாதைக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது.

வாயிலின் சுவர்களில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அனைவரும் கல்லறை அறியப்படாதவர்கள். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. எவருடைய உடலாவது பின்னாளில் கண்டெடுக்கப்பட்டு அடையாளம் உறுதியானால், அவருக்கெனத் தனிக் கல் நாட்டப்பட்டு, காலப்போக்கில் சுவரிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது. நூறாண்டு கழிந்தும் அந்தப் பட்டியல் முடிந்துபோன ஒன்றாகக் கருதப்படவில்லை.

நிகழ்வு முடிந்ததும் கைதட்டக் கூடாது. பலருக்கு இது தெரியாததால், இசை நின்றவுடன் சிலர் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அருகிலிருப்பவர் மெல்லத் தடுத்தால் புரிந்துகொள்கிறார்கள். கைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே முழு நேரமும் நிற்பது எனக்கு அதைவிட வருத்தம் தருகிறது.

வட பிரான்சின் நவ் ஷாப்பெல்லில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் அத்தனை கூட்டம் இல்லை. அங்கே 1915 மார்ச் மாதத்தில் நடந்த போரில், தாக்குதலில் இறங்கிய படையில் ஏறத்தாழப் பாதியினர் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். வட்டச் சுவரில் கல்லறையற்ற 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அங்கு நான் பெயர்களை வாய்விட்டு வாசித்தேன். உச்சரிப்பைச் சரியாக அறிந்த ஒருவர் அவற்றைச் சொல்வது அந்த இடத்தில் அரிதாகவே நிகழ்கிறது என்று தோன்றியது.

செல்ல விரும்புவோருக்கு ஒன்று சொல்வேன்: பொதுவாக அஞ்சலி செலுத்தச் செல்லாதீர்கள், ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு செல்லுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரையோ படைப்பிரிவையோ இட்டுத் தேடினால், எந்த நாட்டில், எந்தச் சுவரில், எத்தனையாவது பலகையில் அவர் இருக்கிறார் என்பது கிடைக்கும். நெதர்லாந்தின் மார்க்ராட்டனிலுள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறையையும் உள்ளூர்க் குடும்பங்கள் தத்தெடுத்து மலர் வைத்துப் பேணுகின்றன; அவற்றைப் பெறக் காத்திருப்போர் பட்டியலே உண்டு. ஒருவருக்கு ஒருவர் என்ற அந்த உறவு, பொதுவாகச் சொல்லப்படும் நன்றியைவிட நேர்மையானது.

ஆனால் பெயரே பொறிக்கப்படாதவர்களை எந்தச் சுவரில் தேடுவது? முதல் உலகப் போரில் மாண்டவர்களுள், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையத்தின் சிறப்புக் குழு 2021-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சுமைதூக்கிகளாகவும் தொழிலாளர்களாகவும் அழைத்துச் செல்லப்பட்ட அவர்களைப் பற்றி, நான் கலந்துகொண்ட அஞ்சலிகளில் அரிதாகவே ஒரு வாக்கியம் கேட்டிருக்கிறேன். மலர்வளையம் வைக்கும்முன் அந்த ஒரு வாக்கியத்தையாவது நிகழ்ச்சி நடத்துவோர் சேர்க்க வேண்டும் என்று, செல்லும் இடங்களிலெல்லாம் நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.