ஞாயிற்றுக்கிழமைச் சேதி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாம்பரம், கும்பகோணம், துபாய் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நல்லது கெட்டது காணாமல் போகிறது. அதனால் மாம்பலம் பெரியம்மா ஞாயிறுதோறும் எல்லாச் சேதியையும் ஒரே பதிவாகத் தொகுத்துப் போடுகிறார். யாருக்கு வரன் பார்க்கிறார்கள், யார் ஆஸ்பத்திரியில், யார் வீட்டில் வளைகாப்பு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உறவுமுறை இருக்கும்: "தஞ்சாவூர் சித்தப்பாவின் இரண்டாவது பேத்தி". புதிதாக வந்த மருமகள்களுக்கு அது எவ்வளவு உதவி!

அந்தக் காலத்தில் கல்யாணச் சேதி என்றால் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சாவுச் சேதி தந்தியில் வரும். தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. பெரியம்மா வைத்திருக்கும் ஒரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: துக்கச் சேதியை நெருங்கியவர்களுக்கு முதலில் போனில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் குழுவில்.

ஸ்மார்ட்போன் இல்லாத அத்தைக்கு நான் கூப்பிட்டு முழுசாக வாசித்துக் காட்டுவேன். "சரி, அவளுக்கு இப்போ எத்தனையாவது மாசம்?" என்று நடுவில் நிறுத்திக் கேட்பார்.

சொந்தக்காரர்களே, இந்த வாரச் சேதியைச் சனிக்கிழமை ராத்திரிக்குள் பெரியம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள்.