வெள்ளைச் சாலைகளில் ஒரு பழைய ரோடு சைக்கிள்: மூன்று நாள், 209 கிலோமீட்டர், கழன்ற ஒரு கப்

முதலில் அந்த டாக்ஸிக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் கோபம் அடங்கவில்லை.

இத்தாலியில் சியன்னா ரயில் நிலையத்திலிருந்து கயோலே இன் கியாந்தி சுமார் 28 கிலோமீட்டர். கயோலேவுக்கு ரயில் கிடையாது. நான் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வந்த ஓட்டுநர் சைக்கிள் பையைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் டாக்ஸிக்கு போன் செய்தேன். போனில் 60 யூரோ என்றார்கள். இறங்கும்போது 85 கேட்டார். பைக்குத் தனி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாம். விமானத்தில் சைக்கிள் பைக்கு ஏற்கெனவே 65 யூரோ அழுதிருந்தேன். ஆக, ஒரு கிலோமீட்டர்கூட மிதிப்பதற்கு முன்பே 150 யூரோ போய்விட்டது. சைக்கிளின் ஃபிரேமை நான் வாங்கியதே 120 யூரோவுக்குத்தான்!

சரி, எதற்காகக் கயோலே? பழைய ரோடு சைக்கிள் பித்துப் பிடித்தவர்களுக்கு அது கோயில் மாதிரி. 1997-இல் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் இங்கேதான் எல்'எரோய்க்கா என்ற பழைய சைக்கிள் விழாவைத் தொடங்கினார். டஸ்கனியின் வெள்ளை மண் சாலைகள் மீது தார் ஊற்றிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அக்டோபரில் நடக்கும் விழாவுக்குப் பழைய சைக்கிளோடுதான் வர வேண்டும்: கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும், பெடலில் கூண்டும் வாரும் வேண்டும். விழா நேரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் என் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆனால் அதே 209 கிலோமீட்டர் பாதை வருடம் முழுக்க வழிகாட்டிப் பலகைகளோடு திறந்தே இருக்கிறது. அதனால் ஏப்ரலில் தனியாகப் போனேன். கூட்டம் இல்லை, கோதுமை வயல் எல்லாம் பச்சை. என்னைக் கேட்டால் ஏப்ரல்தான் சரி.

சைக்கிளைப் பற்றி. வாங்கும்போது அதில் ஸ்டிக்கர் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பின் டீரெய்லர் (செயினைப் பல் சக்கரம் மாற்றும் கருவி) மட்டும் கம்பன்யோலோ கம்பெனியின் நுவோவோ ரெக்கார்டு மாடல். அதன் உடம்பிலேயே 'பேட்டன்ட் 78' என்று பொறித்திருந்தது. அந்த எண் தயாரித்த வருடத்தைச் சொல்லும். டீரெய்லரை நடுவில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் வண்டியும் 1978 வாக்கில் பிறந்ததுதான். குளிர்காலம் முழுக்க அதை ஓவர்ஹால் செய்தேன். அலுமினிய சீட் போஸ்ட் இரும்புக் குழாய்க்குள் இறுகிப் போயிருந்தது. இரண்டு உலோகமும் ஈரத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் அரித்து ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் தினமும் எண்ணெய் விட்டு, கடைசியில் போஸ்ட்டை வைஸில் கவ்வவைத்து ஃபிரேமையே திருப்பி எடுத்தேன். துருப்பிடித்த சின்னச் சாமான்களை ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊறப்போட்டேன். பெயின்டைத் தொடவே இல்லை. பழைய சைக்கிளுக்குப் புதுப் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. ஓட்டத்தானே அதைச் செய்தார்கள்?

பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில்தான் ஏமாந்தேன். அச்சையும் பால்ரஸ்களையும் தாங்கும் மரை வைத்த கிண்ணத்துக்குத்தான் 'கப்' என்று பெயர். முதலில் வாங்கிய கப் ஃபிரேமுக்குள் போய்க் கடகடவென்று ஆடியது. இத்தாலிய ஃபிரேமின் மரை 36 மில்லிமீட்டர். ஆங்கிலேய அளவு அதைவிடச் சிறியது. அந்தக் காசு வீண். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அது எனக்குத் தெரியும், ஆனால் அசட்டையாக விட்டுவிட்டேன். அதற்கான பலனைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். புரோலியோ கோட்டைக்கு ஏறும் மண் சாலையில் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், மேலே மூடுபனி, என் செயின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த அரை மணி நேரத்துக்காக இன்னும் இரண்டு டாக்ஸிக்காரர்களிடம் ஏமாறக்கூடத் தயார்.

சியன்னா, ராதி எல்லாம் நன்றாகவே போயின. மொந்தால்சீனோ கடல் மட்டத்திலிருந்து 564 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறும்போது அந்தக் காலத்து கியரின் உண்மை முகம் தெரிந்தது. முன்னால் 42 பல், பின்னால் அதிகபட்சம் 26 பல். இந்த கிராங்கில் (பெடல் மாட்டும் கையில்) 41-க்குக் குறைவான பல் சக்கரம் மாட்டவே முடியாது. இன்றைய சைக்கிளில் இதைவிட எவ்வளவோ லேசான கியர் வருகிறது. அந்தக் காலத்து வீரர்கள் இதை வைத்துக்கொண்டு மலை மலையாக ஏறினார்கள் என்றால், அவர்களுடைய தொடைகளுக்குத்தான் சிலை வைக்க வேண்டும். நான் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே பெடல் வாரைத் தளர்த்திவிடுங்கள். நின்ற பிறகு காலை உருவலாம் என்று நினைத்தால் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டியதுதான்.

மொந்தால்சீனோவில் புருனெல்லோ ஒயினின் விலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஆனால் சாப்பாடு! பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, மேலே தக்காளியும் பூண்டும் நன்றாகச் சுருள வதங்கிய சாறு. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. கையில் எடுத்தால் கயிறு மாதிரி கனம், வாயில் வைத்தால் மெத்து மெத்து என்று இருந்தது. தட்டை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டேன். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கும், இந்தச் சாற்றுக்கு அது அப்படி இருப்பதுதான் பொருத்தம். பில்லில் 'கோப்பேர்த்தோ' என்று உட்கார்ந்ததற்கே மூன்று யூரோ போட்டிருந்தார்கள். அது எரிச்சல்தான். ஆனாலும் இன்னொரு தட்டு வாங்கினேன்.

இரண்டாம் நாள் மதியம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வலது பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு 'கிறீச்'. முதலில் சீட் என்று நினைத்தேன். பத்து கிலோமீட்டரில் கிராங்கே ஆட ஆரம்பித்து, செயின் முன் டீரெய்லரில் உரசியது. இறங்கிப் பார்த்தால் வலது கப் கழன்று வெளியே வந்துகொண்டிருக்கிறது.

முன்னே சொன்ன இன்னொரு வித்தியாசம் இதுதான். மிதிக்க மிதிக்க, சுழலும் அச்சின் அழுத்தம் வலது கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இடஞ்சுழியாகத் தள்ளும். ஆங்கிலேய ஃபிரேமில் அந்தப் பக்கம் இடது மரை (இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும்), அதனால் கப் இறுகத்தான் செய்யும். இத்தாலிய ஃபிரேமில் இரண்டு பக்கமும் வலது மரை. வலது கப்பை முழுப் பலத்தையும் போட்டு முடுக்கியிருக்க வேண்டும். நான் நீளமான ஸ்பானர் வாங்கக் காசு பார்த்துச் சின்னதை வைத்து முடுக்கியிருந்தேன். பழைய சைக்கிளில் பளபளப்புக்குச் செலவழிக்க வேண்டாம், ஸ்பானருக்குச் செலவழியுங்கள்.

கையிலிருந்த கருவி எதுவும் அந்தக் கப்பைப் பிடிக்காது. மெதுவாக மிதித்தும், மேட்டில் தள்ளியும் இருட்டும் நேரத்தில் அஷ்யானோ போய்ச் சேர்ந்தேன். ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. மறுபடி டாக்ஸியா என்று கணக்குப் போட்டுப் போட்டுத் தூக்கமே வரவில்லை.

காலையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். என் இத்தாலியன் பத்து வார்த்தை, அவருக்கு ஆங்கிலம் அதுவும் இல்லை. கிராங்கை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார், "ஆ" என்றார், உள்ளே போய் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்தார். கிராங்கைக் கழற்றி, அச்சை உருவி, பால்ரஸ்களைத் துணியில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பக்கத்துக்குப் பதினொன்று, சரியாக இருந்தது. மரையில் ஒட்டியிருந்த என் கிரீஸைத் துடைத்துக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு மரையில் பசை போட்டு, ஸ்பானரில் தன் உடம்பு எடையையே ஏற்றி முடுக்கினார். ஃபிரேம் முனகியது. கடைசியாக வெள்ளைப் பெயின்டால் கப்பிலிருந்து ஃபிரேம் வரைக்கும் ஒரு சின்னக் கோடு போட்டார். கோடு விலகினால் கப் நகர்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேர வேலைக்கு 15 யூரோ. இந்தப் பயணத்தில் நான் மனசாரக் கொடுத்த பணம் அதுதான்.

அப்புறம் மோந்தே சாந்தே மாரியே. 11.5 கிலோமீட்டர் மண் சாலை, சாம்பல் நிறக் களிமண் குன்றுகளின் முதுகு மேலேயே ஏறி ஏறி இறங்குகிறது. ஸ்திராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை இந்தப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் ஜல்லி சிதற, பழைய பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நின்றது. 28 மில்லிமீட்டர் டயர் போட்டிருந்ததால் தப்பித்தேன். மூன்று நாளில் மிகவும் பயந்ததும் மிகவும் கத்தியதும் இங்கேதான். கத்தியது சந்தோஷத்தில்.

காஸ்தெல்னுவோவோ பெரார்தெங்கா, ராத்தா வழியாக இருட்டுவதற்குள் கயோலே. மறுநாள் டாக்ஸியை நினைக்கவே இல்லை. பதியா அ கோல்திபுவோனோ மடம் வரை ஏறி, அங்கிருந்து மொந்தேவார்க்கி ரயில் நிலையம் வரை இறங்கினேன். மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குச் சில யூரோவில் டிக்கெட் கிடைக்கிறது. போகிறவர்கள் வரும்போதும் போகும்போதும் இந்த வழியையே எடுத்துக்கொள்ளுங்கள், சியன்னா பக்கமே வேண்டாம்.

ரயிலில் சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தூசி எல்லாவற்றையும் மூடியிருந்தது. விரலால் துடைத்தேன். பெரியவர் போட்ட கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை.