எட்டு ஏக்கர் உளுந்து விதைப்பண்ணை: அலைந்தது, தேறியது

விதைப்பண்ணைப் பணம் கடைசித் தவணையும் வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த பட்டத்தில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

நெல் அறுத்த பிறகு மாசிப் பட்டத்தில், எங்கள் குழுவில் எட்டுப் பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் வம்பன் 8 என்ற உளுந்து ரகம் போட்டோம். ஆதார நிலை விதை, அதாவது பெருக்குவதற்கான மூல விதை வாங்கி, உழவர்களுக்கு விற்கும் சான்று நிலை விதை எடுப்பதுதான் திட்டம். ஏக்கருக்கு 8 கிலோ. விதைப்பு, தண்ணீர், களை எல்லாம் வழக்கம்போல நடந்தது. தொல்லை, விதைப்பண்ணையை விதைச்சான்று அலுவலகத்தில் பதிவதில்தான் ஆரம்பித்தது.

"விதைத்து 35 நாளுக்குள் பதிந்தால் போதும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி விதிதான். 35 நாளுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாளுக்கு முன், இதில் எது முந்தியோ அதுவே கெடு. உளுந்தோ முப்பது முப்பத்தைந்து நாளில் பூவெடுத்துவிடும். கணக்குப் பார்த்தால் கையில் இருப்பது இரண்டு வாரம், மிஞ்சினால் இருபது நாள். இது எனக்குத் தெரிந்தது பன்னிரண்டாம் நாள். மறுநாளே ஓடினேன். பதிவு பார்ப்பவர் விடுப்பு. மூன்று நாள் கழித்து மறுபடி போனேன்.

"பில் இருக்கு. பையில தைச்சிருந்த வெள்ளை அட்டை எங்கம்மா? ஏழுதானே இருக்கு?"

எட்டாவது பையைப் பிரித்த வீட்டில், பெரியம்மா அதைத் துவைத்துப் புளி கட்டி வைத்துவிட்டார். அட்டையைத் தேடி மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு, வைக்கோல்போர் என்று பொழுது சாயும்வரை அலசினோம். கடைசியில் கொட்டகைச் சுவரோரம் கிடைத்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது, ஆனால் குவியல் எண், அதாவது அந்த விதைத் தொகுதிக்கான எண் முழுசாக இருந்தது. பில்லில் இருந்த எண்ணோடு அது ஒத்துப்போனதால் வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டாம் நாள் பதிவு முடிந்தது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தயவுசெய்து பையைப் பிரித்த கையோடு அட்டையை வெட்டி, பில்லோடு சேர்த்து ஒரே ஆள் வீட்டில் வையுங்கள்.

விதைச்சான்று அலுவலர் வந்து பார்த்த வயலாய்வில் ஓர் ஏக்கர் போய்விட்டது. உளுந்துக்குச் சான்று நிலையில் 5 மீட்டர் விலகு தூரம், அதாவது வேறு ரக உளுந்து வயலோடு இடைவெளி வேண்டும். கடைசி வயலுக்கும் பக்கத்துக்காரரின் நாட்டு உளுந்துக்கும் நடுவே இரண்டடி வரப்புதான். அந்த அண்ணன்தான் எங்கள் எட்டுப் பேரில் கலவன், அதாவது ரகம் மாறிய செடி பிடுங்குவதில் கெட்டிக்காரர். மற்ற ஏழு வயலிலும் இறங்கி, இலை நிறம் மாறியது, கொடி ஓடியது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தவர். அவர் வயலே தேறவில்லை என்றபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. விதைக்கும் முன்பே நான்கு பக்கமும் போய், பக்கத்து வயலில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த அடி ஈரப்பதம். பல்லில் கடித்தால் "டக்" என்று உடைந்தது, காய்ந்துவிட்டது என்று வண்டி ஏற்றினோம். விதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் 10.6 சதவீதம் காட்டியது. 9-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். வண்டி வாடகை தண்டம். திரும்பி வந்து தார்ப்பாயில் கொட்டினால், சித்திரை மழை. இரண்டு இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாம் முறை, ஏற்றுமுன் பயறு வியாபாரியிடம் ஒரு கைப்பிடி கொடுத்து மீட்டரில் பார்த்துவிட்டே போனோம். முளைப்புத்திறன் 75 சதவீதம் இருந்தால் போதும், எங்களுக்கு 86 வந்தது.

இனி வரவு. ஏழு ஏக்கரில் 2,240 கிலோ. சலித்தபின் விதையாகத் தேறியது 2,010. மண்டி விலையைவிடக் கிலோவுக்கு 28 ரூபாய் கூடுதல். கழிவை மலிவாக விற்ற நட்டம், வண்டி, ஆய்வு, சுத்திகரிப்புச் செலவு எல்லாம் போக, மண்டியில் போட்டிருந்தால் கிடைத்திருப்பதைவிட 36,000 ரூபாய் மிச்சம். பணம் இரண்டு தவணையாகத்தான் வந்தது. முளைப்புச் சோதனை முடியும்வரை இரண்டாவது வராது. அதுவரை கைச்செலவுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரைத் தனியாகச் செய்திருந்தால் இத்தனை நடைக்கும் வண்டிக்கும் கட்டுப்படியே ஆகியிருக்காது.

மிச்சத்தை எட்டாகப் பிரித்து ஆளுக்கு 4,500 கொடுத்தோம். அண்ணன் முதலில் வாங்க மறுத்தார். "உங்க கண்ணு இல்லன்னா ஏழும் தேறியிருக்காதுண்ணே" என்று கையில் வைத்து அழுத்தினேன். வாங்கிக்கொண்டார். இந்த முறை அவர் வயலில் எள்ளு போடப்போகிறோம்.