கண்டுக்காம இருன்னு சொல்றவங்களுக்கு

ஜூலை 3, வியாழன்

இன்னிக்கும் கணக்கு பீரியட்ல பின்னாடி பெஞ்சுல பேனாவ டிக் டிக்னு அமுக்கிட்டே இருந்தானுங்க. மத்தவங்களுக்கு அது ஒரு சத்தமே இல்ல, எனக்கு ஆட்டிசம், காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும், அது அவனுங்களுக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் பண்றானுங்க, சார் திரும்புனா கப்சிப். கடைசில நான் காத பொத்திக்கிட்டு கத்திட்டேன். திட்டு எனக்குத்தான்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா "கண்டுக்காதடா, நீ ரியாக்ட் பண்ணலேன்னா அவங்களே விட்டுடுவாங்க"ன்னாங்க. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. சரின்னு இன்னிக்கு முழுக்க பல்ல கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஷூ கூட கழட்டல, அப்படியே தரையில படுத்துட்டேன், கூப்பிட்டா காது கேக்குது ஆனா வாய்ல பேச்சு வரல. தாங்க முடியாம போறப்ப வர்ற மெல்ட்டவுன்னா வெளிய வெடிக்கும், எல்லாருக்கும் தெரியும். இது ஷட்டவுன். யாருக்கும் தெரியாது, "இன்னிக்கு சமத்தா இருந்தான்"னு நினைச்சுப்பாங்க.

ஜூலை 8, செவ்வாய்

ரெண்டு பசங்க புதுசா வந்து ஃப்ரெண்ட்லியா பேசுறானுங்க. எனக்கு பிடிச்ச சிக்னல் சிஸ்டம் பத்தி கேக்குறானுங்க, நான் சொல்ல சொல்ல ஒருத்தன் ஃபோன கீழ வச்சு ரெக்கார்ட் பண்றான். சிரிப்பு எந்த மாதிரி சிரிப்புன்னு எனக்கு மூஞ்ச பாத்து கண்டுபிடிக்க வராது. அதனால "வேணாம், நிறுத்து"ன்னு சொல்லிப் பாத்தேன். நிறுத்தல. போதும், தெரிஞ்சுபோச்சு.

ஜூலை 11, வெள்ளி

கவுன்சிலிங் மிஸ் "என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு நேரா கேட்டா எனக்கு எதுவுமே வராது. அதனால எழுதிட்டு போனேன். தேதி, பீரியட், எந்த இடம், அவன் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யார் இருந்தா, வீடியோ யார் ஃபோன்ல. நான் என்ன ஃபீல் பண்ணேன்னு எழுதல (அது எனக்கே ரெண்டு நாள் கழிச்சுதான் புரியும்). கிண்டல் பண்றாங்கன்னு வாயால சொன்னப்ப தலையாட்டிட்டு விட்டவங்க, பேப்பர படிச்சுட்டு ஒருத்தன உடனே கூப்பிட்டு விட்டாங்க.

ஜூலை 13, ஞாயிறு

டேமியன் மில்டன்னு ஒருத்தர், அவரும் ஆட்டிஸ்டிக்தான், 2012ல 'டபுள் எம்பதி'ன்னு எழுதியிருக்கார். புரியாம போறது ரெண்டு பக்கமும்தான், எங்ககிட்ட மட்டும் இருக்குற குறை இல்லங்கிறார். 2020ல கேத்தரின் க்ராம்ப்டன் டீம் ஒரு கதைய ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு சொல்ல வச்சு பாத்திருக்காங்க. ஆட்டிஸ்டிக் ஆளுங்க மட்டும் இருந்த குரூப், மத்தவங்க மட்டும் இருந்த குரூப் அளவுக்கு நல்லாவே கதைய கடத்தியிருக்கு, ரெண்டும் கலந்த குரூப்லதான் நிறைய விட்டுப்போயிருக்கு. எனக்கு மட்டும் சோஷியல் ஸ்கில்ஸ் கிளாஸ் வைக்கிறாங்களே, அந்த பின்பெஞ்சுக்கு யாரு வைப்பா?

ஜூலை 17, வியாழன்

வீடியோவ டெலிட் பண்ண வச்சுட்டாங்க. என் சீட்ட மாத்தலாம்னாங்க, நான் ஏன் மாறணும்னு கேட்டேன், அவனுங்கள முன்னாடி கொண்டு வந்துட்டாங்க. எனக்கு ஒரு கார்டு குடுத்திருக்காங்க, டேபிள்ல வச்சுட்டு பேசாம லைப்ரரிக்கு எந்திரிச்சு போயிடலாம். மேக்ஸ் சார் மட்டும் "இதெல்லாம் ஓவர்"ங்கிறார். நாளைக்கு பிடி பீரியட், டீம் பிரிக்கிறப்ப என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கல, காலைல அதையும் எழுதி மிஸ்கிட்ட குடுக்கணும்.