தூரமா, கிட்டவா

ஏப்ரல் 11, 2025, வெள்ளி

காரைக்குடித் தம்பி கூரியரில் அனுப்ப மனமில்லாமல் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். மாட்டுத்தாவணியில் டீ குடித்துக்கொண்டே, டிபன் பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தார். "ஒரு மாசம் வச்சுப் பாருங்கக்கா. பிடிச்சா காசு, பிடிக்கலன்னா கேமரா." லைக்கா எம்9. 585 கிராம். அரைக் கிலோ தக்காளி வாங்கிப் பழகிய கைக்குத் தெரிந்த கனம்தான்.

ஏப்ரல் 12, சனி

தம்பி மகன் வந்தான். கார்டை எடுக்க அடித்தகடு முழுவதையும் கழற்ற வேண்டும் என்றதும் சோபாவில் உருண்டு சிரித்தான். "கழட்டின தகட்ட எங்கத்தை வைப்பீங்க, வாயிலயா?"

வாயில்தான்.

போகும்போது தன் ரிக்கோ ஜிஆர் 3-ஐ வைத்துவிட்டுப் போனான். 2019இல் வந்தது. பேட்டரி, கார்டோடு சேர்த்தே 257 கிராம். விற்கப் போகிறானாம், வெளியாளுக்குக் கொடுப்பதற்கு அத்தைக்கே கொடுக்கலாமே என்று. லைக்காவுக்குக் கேட்கும் காசில் பாதிகூட இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மொட்டைமாடி. எஃப் 16இல், அதாவது லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி வைத்து, வெறும் வானத்தை எடுத்தேன். பழைய எம்9 வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். படம் பதியும் சென்சாரின் மேலுள்ள கண்ணாடி காலப்போக்கில் அரித்துப்போகும். அரித்திருந்தால் வெளிர்வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 2009இல் வந்த கேமரா, மாற்றிப் போட அந்த சென்சார் இப்போது கம்பெனியிடமே இல்லை.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு புள்ளி. வயிற்றைக் கலக்கியது. ரப்பர் பல்பால் ஊதிவிட்டு மறுபடி எடுத்தேன். புள்ளி வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. தூசிதான்.

புரை விழுந்த கண்ணுக்குள் இருக்கும் லென்ஸையாவது மாற்றிப் போடுகிறார்கள். என் வலது கண்ணுக்கும் அதுதான் நடக்கப்போகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ரசம். படம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

விடிவதற்கு முன்னால் பூ மார்க்கெட். எம்9இல் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலின் நடுவே சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ். அவ்வளவுதான் வித்தை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கேமராவில் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் (மூடிக்கொண்டு அல்ல, சொல்வதற்கு). இப்போது வலது கண்ணில் ஒரு மல்லிகைக் கூடை நான்காகத் தெரிகிறது. எதை எதோடு சேர்ப்பது?

இடது கண்ணை வைத்தேன். ஜன்னல் கேமராவின் இடது ஓரத்தில் இருப்பதால் மூக்கு நேராகத் திரையில் போய் அப்பிக்கொள்கிறது. பூக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்கால அமுக்குறீகளா?" என்றாள். அவளை எடுத்த படத்தில் அவள் மங்கல், பின்னால் இருக்கும் தராசு மட்டும் துல்லியம்.

ஏப்ரல் 19, சனி

கண் அளவெடுத்தார்கள். நாடியை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லி, கண்ணின் நீளத்தை மில்லிமீட்டரில். பிறகு ஒரு சின்னப் பெண் உட்காரவைத்துப் பேசினாள். "அம்மா, தூரத்துக்கு வைக்கவா, கிட்டத்துக்கு வைக்கவா?" வாழைப்பழம் கேட்பது போல. நாட்டா, ரஸ்தாளியா.

ஒரு கண்ணில் தூரமும் மற்றதில் கிட்டவும்கூட வைக்கலாமாம். சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது என்றாள். எனக்கு ஒத்துவராது என்று எனக்கே தெரியும்.

லென்ஸ் எங்கே செய்தது என்று கேட்டேன். மதுரைதான்! சிவகங்கை ரோட்டில் ஆரோலேப். 1992இலிருந்து செய்கிறார்கள். நடுவில் இருக்கும் ஒளிவட்டம் 6 மில்லிமீட்டர். ஜெர்மனியில் செய்த லென்ஸுக்காக ஒரு மாதமாகத் தவிக்கிறேன். மண்டைக்குள் வரப்போவது வீரபாஞ்சானிலிருந்து வருகிறது.

மருந்து விட்ட கண்ணோடு வெளியே வந்தால் ரோடெல்லாம் மாவு கொட்டிய மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தூக்கம் இல்லை. மணி இரண்டரை.

தூரத்துக்கு வைத்தால் எதிர்வீட்டு மாடிக் கொடியில் காயும் துணி தெரியும். கையிலிருக்கும் ரிக்கோ தெரியாது. அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஜன்னலே கிடையாது, திரை மட்டும்தான். திரையைப் பார்க்கக் கண்ணாடி, தெருவைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்று, மறுபடி போடு. கிட்டத்துக்கு வைத்தால் திரை தெரியும், பூக் கட்டலாம், அரிசியில் கல் பொறுக்கலாம். ஆனால் எம்9 ஜன்னலில் தெரியும் பிம்பம், கண்ணைப் பொறுத்தவரை 2 மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி. கேமராவை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு தூரப் பார்வை பார்க்க வேண்டும். அதற்குத் தூரத்துக்கு வைத்த கண்தான் சரி. கிட்டக் கண் என்றால் ஜன்னலில் இன்னொரு பவர் லென்ஸைத் திருகிக்கொண்டு அலைய வேண்டும்.

ஆக, கேமராவை முடிவு செய்தால் கண் முடிவாகிவிடும். இல்லை, கண்ணை முடிவு செய்தால் கேமரா.

அவரை எழுப்பிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "டாக்டர்கிட்ட இதச் சொல்லித் தொலைக்காத" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

மே 2 என்று தேதி கொடுத்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குவது 12. ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளைக்குக் கூட்டம், தூசி, தண்ணீர் எதுவும் ஆகாது. திருவிழாவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்று போன் பண்ணிக் கேட்டேன். தாராளமாக என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டு யோசித்தேன்: எந்தக் கண்ணை வைத்து எடுக்கப் போகிறேன்? திரும்பக் கூப்பிட்டு, இரண்டாம் தேதியே இருக்கட்டும் என்றேன்.

தூரமா கிட்டவா என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொடியேற்றம். ராத்திரி மாசி வீதியில் சுவாமி கற்பக விருட்சத்தில், அம்மன் சிம்மத்தில். லைக்காவை வீட்டில் வைத்துவிட்டு ரிக்கோ மட்டும் எடுத்துப் போனேன். இருட்டில் அந்தக் கிழம் தடுமாறும், இருட்டுக்காக ஏற்றும் ஐஎஸ்ஓ 800 தாண்டினாலே படத்தில் மணல் இறைக்கும். ரிக்கோவில் ஃபோகஸை 2 மீட்டரில் கட்டிப்போட்டு, வயிற்றுக்கு நேராகப் பிடித்து, பார்க்காமலே அமுக்கினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலூன்காரன், அப்பா தோளில் தூங்கிப்போன குழந்தை, விசிறி விற்கிற கிழவி. எல்லாம் பளிச்சென்று வந்திருக்கிறது.

அதுதான் எரிச்சல். நான் எடுத்த மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுத்தான் நான் எங்கெல்லாம் போனேன் என்று தெரிந்துகொண்டேன்.

மே 2, வெள்ளி

"தூரம்" என்றேன். பதினைந்து நிமிஷம்.

மே 3, சனி

கட்டைப் பிரித்தார்கள். எதிரே இருந்த சுவர் வெள்ளை. இப்படி ஒரு வெள்ளையைப் பார்த்து எத்தனை வருஷம். இடது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அதே சுவர் பழுப்பேறிய வேட்டி.

இதுவரை நான் எடுத்த படங்களுக்கெல்லாம் நிறம் திருத்திக்கொண்டிருந்தது இந்த வேட்டிக் கண்.

மே 5, திங்கள்

சொட்டு மருந்து. குனியக் கூடாது. தலைக்கு ஊற்றக் கூடாது. எழுத்து கலங்கலாக இருப்பதால் கோட்டைத் தாண்டித் தாண்டி எழுதுகிறேன். லைக்கா பீரோவில் இருக்கிறது, கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. பயம்.

மே 8, வியாழன்

மீனாட்சி கல்யாணம். டிவியில் தாலி கட்டும் நேரத்துக்கு இங்கே நானும் கயிறு மாற்றிக்கொண்டேன். புது மஞ்சள். வலது கண்ணில் பார், இடது கண்ணில் பார் என்று மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தேன். அவருக்கு நான் கண்ணடிக்கிற மாதிரி இருந்ததாம். முப்பத்திரண்டு வருஷம் கழித்தா என்றார்.

சாயங்காலம் பீரோவைத் திறந்தேன். வாசல் கிரில்லில் இருக்கும் பூட்டை நடுக்கட்டத்துக்குள் கொண்டுவந்தேன். இரண்டு பூட்டு. நான்கில்லை. லென்ஸை மெதுவாகத் திருகினேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சாவித் துவாரத்தோடு துவாரம் பொருந்தி, நின்றது. கார்டு போடவில்லை. பூட்டு, கொடிக்கம்பம், எதிர்வீட்டுத் தொட்டி, மறுபடி பூட்டு.

மே 10, சனி

காரைக்குடித் தம்பி: "அக்கா கண்ணு எப்படி இருக்கு?" கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளை.

நகை அடகு, சீட்டுப் பணம், இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கொஞ்சம் இடிக்கிறது.

மே 12, திங்கள். அதிகாலை 3.50

தம்பி மகன் ஆற்றுக்குக் கிளம்பி வந்து நிற்கிறான். இத்தனை நாள் சிரித்தவன், இன்று பெரியதைத்தான் கேட்கிறான். "ஒரு நாளைக்கு மட்டும் அத்தை."

தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். இரண்டு கேமராவுமே தண்ணீர் தாங்காது. ரிக்கோவை எடுத்து, 2 மீட்டரில் வைத்து, அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டேன். நனைந்தால் நனையட்டும், அது அவனுடையது.

அழகர் உடுத்தி வரும் பட்டு என்ன நிறம் என்று, டிவியில் சொல்வதற்கு முன்னால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.