இல்லை என்று வந்த அறிக்கை

2018-இல் நான் சொன்ன ஒரு பதில் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஜெஃபிடினிப் என்ற புற்றுநோய் மாத்திரையில் 13 மாதங்கள் நன்றாக இருந்தவருக்கு நுரையீரல் கட்டி மீண்டும் வளரத் தொடங்கியிருந்தது. இம்மாத்திரைக்குக் கட்டி பணியாமல் போவதற்கு ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காரணம், கட்டியை வளரத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் 790-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் வந்து அமரும் டி790எம் மாற்றம்தான். அது இருந்தால், அதையும் மீறி வேலை செய்யும் ஓசிமெர்டினிப் மாத்திரையைக் கொடுக்கலாம். இரத்தத்தில் தேடினோம். இல்லை என்று வந்தது.

"இல்லன்னு வந்தா, இல்லவே இல்லன்னு அர்த்தமா டாக்டர்?" என்று அவருடைய மகள் கேட்டார்.

"அப்படித்தாம்மா எடுத்துக்கணும்" என்றேன்.

அது முழு உண்மையன்று என்பது எனக்கு அப்போதே தெரியும். கட்டி தன் டி.என்.ஏ.வைப் போதிய அளவு இரத்தத்தில் உதிர்க்காவிட்டால் சோதனை தவறவிடும். திசுவில் மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு அது இரத்தத்தில் அகப்படுவதில்லை. மறுபடியும் திசு எடுத்திருக்க வேண்டும். ஆனால் முதல் முறை ஊசி செலுத்தியபோதே நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, நெஞ்சில் குழாயுடன் மூன்று நாள் கிடந்தவர் அவர். பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளைத் தொடங்கினேன். அதைத் தவறான சிகிச்சை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அறிக்கையைப் பிரித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி எழுந்ததே, அதை என்ன செய்வது? ஓசிமெர்டினிப்பின் மாத விலையை அந்தக் குடும்பத்திடம் சொல்லும் வேலை மிச்சமாயிற்று என்ற நிம்மதி அது. காற்று புகுந்த கதை எனக்கு உடனே நினைவுக்கு வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஐந்து மாதம் கழித்து நெஞ்சில் நீர் கோத்தது. அந்த நீரில் டி790எம் இருந்தது. இடையில் உருவாகியிருக்கலாம், அதுவும் நடக்கக்கூடியதே. ஆனால் 2017-இல் வெளியான ஆரா3 ஆய்வில், இம்மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு ஓசிமெர்டினிப்பில் 10.1 மாதம், கீமோவில் 4.4 மாதம். நகையை அடகு வைத்து மாத்திரை வாங்கினார்கள். அப்போது அவரால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை.

"அப்பவே இருந்துச்சா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா." இந்தப் பதில் உண்மைதான், எனக்கு வசதியானதும்கூட.

இன்று ஓசிமெர்டினிப்பையே பலருக்கு முதலில் கொடுக்கிறோம். அதற்கும் கட்டி வழி கண்டுபிடிக்கிறது: அதே புரதத்தில் வேறோர் இடத்தில் நிகழும் சி797எஸ் மாற்றம், மெட் என்ற மரபணு பல நகல்களாகப் பெருகுதல், சில வேளைகளில் சிறுசெல் புற்று என்ற வேறு வகையாகவே உருமாறுதல். கடைசியாகச் சொன்னதைத் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாக அறியலாம். ஆகவே 'இல்லை' என்று நான் இப்போது சொல்வதில்லை. 'இரத்தத்தில் அகப்படவில்லை' என்கிறேன், ஊசியின் ஆபத்தையும் விளக்குகிறேன். விலையை மட்டும் இன்றும் கடைசியில்தான் சொல்கிறேன்.